முழங்கால் ஆழம்தானே என்று நினைக்க வேண்டாம்: முத்துப்பேட்டை காயலில் மீன்பிடிக்கப் போகும் குடும்பங்களுக்கு

நம் வேப்பந்தட்டை வட்டாரத்துக்குக் கடல் தூரம். நமக்குத் தெரிந்த மீன்பிடி எல்லாம் ஏரியிலும் கல்லாற்றிலும்தான். ஏரி வற்றும் காலத்தில் விராலும் கெண்டையும் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இப்போது பெருநாள் விடுமுறையிலும் பள்ளி விடுமுறையிலும் வேன் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போகும் குடும்பங்கள் உண்டு. வளைகுடாவிலிருந்து லீவில் வரும் சகோதரர்களில் சிலர், அங்கே விடுமுறை நாட்களில் படகில் போய்த் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். ஊருக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அப்படிக் கிளம்புகிறவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரே நாளில் எட்டக்கூடிய இடம் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை. பெரம்பலூரிலிருந்து அரியலூர், தஞ்சாவூர், மன்னார்குடி வழியாகப் போனால் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்.

அலைகடலில் போவதற்கு யாரும் தயங்குவார்கள். காயல் என்றால் தயக்கம் வருவதில்லை. அலை இல்லை, ஆழமும் இல்லை, இறங்கி நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான், பயம் எதற்கு என்று தோன்றும். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த எண்ணம்தான்.

காயல் என்பது என்ன?

ஆறுகள் கடலில் விழும் இடத்தில், மணல் திட்டு ஒன்று குறுக்கே நின்று உள்பக்கம் தண்ணீரைத் தேக்கி வைத்தால் அது காயல். கடலோடு அதற்கு ஒன்றிரண்டு வாசல்கள் இருக்கும். அதை முகத்துவாரம் என்கிறோம். ஆற்று நீர் ஒரு பக்கமிருந்தும் கடல் நீர் மறு பக்கமிருந்தும் வந்து கலப்பதால் உள்ளே இருப்பது உவர்நீர். முத்துப்பேட்டையில் பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, கந்தபரிச்சான் ஆறு ஆகிய காவிரியின் கடைசிக் கிளைகள் இப்படி வந்து சேர்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் அந்தப் பெரிய அலையாத்திக் காடு நிற்கிறது. உள்ளூர் மக்கள் காயலை 'லகூன்' என்றே சொல்கிறார்கள். படகுக்காரரிடம் 'காயல்' என்றால் ஒரு நொடி யோசிப்பார், 'லகூன்' என்றால் உடனே புரிந்துகொள்வார்.

இந்தக் காடும் காயலும் கோடியக்கரையோடு சேர்த்து 2002-ஆம் ஆண்டு உலக ஈரநிலப் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இங்கே எத்தனையோ அலையாத்தி மரங்களைக் காயவைத்துவிட்டுப் போனது. டெல்டா முழுக்கத் தென்னை சாய்ந்த அந்த நாட்களை நம் மாவட்டத்திலிருந்து நிவாரணப் பொருட்களோடு போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காயலின் பெரும்பகுதியில் ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் அதுவும் இல்லை. அடியில் இருப்பது மணல் அல்ல, ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த களிச்சேறு. நம் ஏரியோடு ஒப்பிட்டால் முக்கிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஏரியில் காலையில் இருந்த தண்ணீர்தான் மாலையிலும் இருக்கும். காயலில் ஒரே நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். காலையில் படகு மிதந்து போன வழி, மதியம் திரும்பும்போது சேறாகக் கிடக்கலாம். பாக் நீரிணைப் பக்கம் இந்த ஏற்ற வற்றம் பெரிய அளவில் இருப்பதில்லை, ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் மொத்த ஆழமே ஒரு மீட்டர் உள்ள இடத்தில் ஓரடி குறைந்தாலும் படகு தரைதட்டப் போதும்.

பிறை பார்த்துப் போகலாம்

இந்த ஏற்ற வற்றத்தைத் தெரிந்துகொள்ள நமக்குத் தனி அட்டவணை தேவையில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டி போதும். சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று கடல்நீரை இழுப்பது மாதத்தில் இரண்டு முறை, அமாவாசையிலும் பௌர்ணமியிலும். அதாவது தலைப்பிறையை ஒட்டிய நாட்களிலும், பிறை 14, 15-ஐ ஒட்டிய நாட்களிலும் தண்ணீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். அந்த வேகம் அன்றோடு நிற்காது, ஓரிரு நாள் கழித்தும் தொடரும். பிறை 7, 8-இலும் 22, 23-இலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே வித்தியாசம் குறைவு.

இன்னொரு கணக்கும் எளிது. இன்று காலை 7 மணிக்குத் தண்ணீர் முழுதாக ஏறியிருந்தால், நாளை அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக வரும். சந்திரன் ஒவ்வொரு நாளும் அவ்வளவு தாமதமாக உதிப்பதே காரணம். எனவே போன வாரம் போனவர், "காலை 6 மணிக்குப் போனோம், நல்ல மீன்" என்று சொன்னதை வைத்து இந்த வாரம் அதே 6 மணிக்குப் போய் நிற்பதில் பயனில்லை. ஒரு வாரத்தில் தண்ணீரின் நேரம் ஆறு மணி நேரம் நகர்ந்து, ஏற்றம் இருந்த இடத்தில் வற்றம் வந்திருக்கும்.

மீனுக்கும் இதுதான் கடிகாரம். தண்ணீர் ஏறும்போது மடவையும் இறாலும் அலையாத்தி வேர்களுக்குள் இரை தேடிப் போகின்றன. வற்றத் தொடங்கியதும் வாய்க்கால் வழியாக வெளியே வருகின்றன. வாய்க்கால் வாயில் கொடுவா அவற்றுக்காகக் காத்திருக்கிறது. முத்துப்பேட்டை மீனவர்கள் இதைத் தெரிந்துகொண்டு காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீனை வற்றத்தில் பிடிக்கும் முறையைத் தலைமுறைகளாக வைத்திருக்கிறார்கள். 'வாய்க்கால் மீன்பிடிப்பு' என்றே அதற்குப் பெயர். தூண்டிலோடு போகும் விருந்தாளிக்கும் பாடம் அதேதான்: தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரத்தில் இரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வெயில்தான் மிச்சம்.

பருவத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் உள்ள காலம். அப்போது ஆற்று வெள்ளம் இறங்கிக் காயல் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானமும் தண்ணீரும் அமைதி, வெளிநாட்டுப் பறவைகளும் இருக்கும். மே மாதத்தில் ஆழமற்ற தண்ணீர் சீக்கிரம் சூடாகி மீன்கள் ஆற்றுக் கால்களின் ஆழத்துக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கும் அந்த வெயில் தாங்காது. பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது என்பது நம் சங்கடம். அப்போது போவதாக இருந்தால் பஜ்ர் தொழுதவுடன் படகேறி, வெயில் ஏறுமுன் கரை சேர்ந்துவிட வேண்டும்.

படகை ஓட்டுகிறவரே வழிகாட்டி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லகூனா மாத்ரே என்று நீளமான ஒரு காயல் இருக்கிறது. அதன் சராசரி ஆழமும் ஒரு மீட்டர் அளவுதான். அங்கே விருந்தாளிகளை அழைத்துப்போய்த் தூண்டில் போடச் சொல்லிக்கொடுப்பது முழுநேரத் தொழில். தட்டையான அடிப்பாகம் உள்ள படகு, ஆழம் குறைந்ததும் இன்ஜினைத் தூக்கிவிட்டு நீளமான கழியால் சத்தமில்லாமல் தள்ளிப்போவது, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் இருக்கும் இடத்தைச் சொல்வது என்று அது ஒரு தனிக் கலை. பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் அப்படிப்பட்ட வழிகாட்டிக்கு அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் உரிமம் கட்டாயம். அந்தச் சிறு படகு உரிமத்தில் அவர் ஏற்றக்கூடிய கட்டணப் பயணிகள் ஆறு பேர்தான், ஏழாவது ஆளை ஏற்ற முடியாது. அபுதாபியிலோ பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவரே சுற்றுச்சூழல் முகமையிடம் உரிமம் எடுக்க வேண்டும். அங்கிருக்கும் நம் சகோதரர்களுக்கு இது தெரிந்த விஷயம்.

நம் பக்கம் மீன்பிடி வழிகாட்டி என்று பலகை மாட்டிய ஆள் கிடைப்பது அரிது. முத்துப்பேட்டை அருகே ஜாம்புவானோடையில் உள்ள படகுத்துறையிலிருந்து வனத்துறை அனுமதியோடு கோரையாறு வழியாகக் காயலுக்குப் படகுகள் போகின்றன. அது காட்டைப் பார்க்கப் போகும் பயணம். மீன் பிடிக்க வேண்டும் என்றால், வலை வீசிப் பிழைக்கும் மீனவர் ஒருவரே நமக்கு வழிகாட்டியாக அமைவார். டெக்சாஸ்காரருக்குத் தெரிந்தது எல்லாம் இவருக்கும் தெரியும், இன்னும் கூடவே தெரியும். பயணிகளை, அதுவும் குழந்தைகளை ஏற்றிப் பழக்கம் உண்டா என்பதுதான் கேள்வி. நான்கு பேர் வலை இழுக்கக் கட்டிய படகில் பதினைந்து பேர் கொண்ட குடும்பம் ஏறி உட்கார்ந்தால் அவருடைய முப்பது வருட அனுபவம் உதவிக்கு வராது.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருக்கிறது. "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்ப வத்த ஆரம்பிக்கும்? திரும்பி வர்றப்ப எந்தப் பக்கமா வருவீங்க?" என்று கேளுங்கள். நல்ல படகுக்காரர் நேரம் சொல்வார், வழி சொல்வார், "இத்தனை மணிக்குள்ள திரும்பிடணும்" என்று அவரே நிபந்தனை போடுவார். "எப்ப வேணா போலாம் பாய், எத்தனை பேர் வேணா வாங்க" என்கிறவரிடம் சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கட்டணம், நேரம், பிடித்த மீன் யாருக்கு என்ற மூன்றையும் ஏறுமுன் பேசிவிடுங்கள். பிறகு பேரம் பேசினால் இருவருக்கும் மனக்கசப்பு.

இரண்டு துயரங்கள்

2011 டிசம்பர் 25 அன்று சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பழவேற்காடும் காயல்தான். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்று பாடப்புத்தகத்தில் எழுதுகிற ஏரி அது. 2023 மே 7 அன்று கேரளாவில் மலப்புறம் மாவட்டம் தானூரில், ஆறு கடலோடு சேரும் இடத்தில் உல்லாசப் படகு கவிழ்ந்தது. அங்கும் 22 உயிர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் 11 பேர் போய்விட்டார்கள். விடுமுறைக்கு உறவினர்கள் ஒன்றுகூடிய, நம்மைப் போன்ற முஸ்லிம் குடும்பம்தான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

தானூர் படகு, மீன்பிடி படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது என்பதும், அனுமதிக்கப்பட்டதை விட அதிகம் பேரை ஏற்றியிருந்தது என்பதும், வெளிச்சம் போன பிறகு ஓடியது என்பதும் பின்னால் வெளிவந்தன. இவற்றில் எதுவும் கடலின் குற்றம் அல்ல.

ஆழமற்ற தண்ணீர் எப்படி ஆளைக் கொல்கிறது? முதல் காரணம் முகத்துவாரம். காயல் முழுதும் தேங்கிய தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்தச் சிறிய வாசல் வழியாகத்தான் கடலுக்கு ஓட வேண்டும். ஓட்டத்தின் வேகத்தில் அங்கே அடிமணல் அரிக்கப்பட்டு ஆழமாகியிருக்கும். வெளியே பாயும் அந்தத் தண்ணீரை எதிர்த்துக் கடல் அலை உள்ளே வரும்போது, இரண்டும் மோதி அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சிறு படகை அது பக்கவாட்டில் பிடித்தால் போதும். கடல் தெரியும் இடம் வரை போய்ப் பார்ப்போம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கூடுதல் பணம் தந்தால் சிலர் கூட்டிப்போகவும் செய்வார்கள். கேட்காதீர்கள்.

இரண்டாவது காற்று. ஆழமில்லாத, தடுப்பில்லாத பரப்பில் பலமாகக் காற்று வீசினால் அரை மணி நேரத்தில் அலை எழும்பிவிடும். காலையில் கண்ணாடி போல் இருந்த காயல் பிற்பகலில் அப்படி இருக்காது.

மூன்றாவது சேறு. படகு தரைதட்டினால் ஆண்கள் இறங்கித் தள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. காலை வைத்ததும் முழங்கால் வரை புதையும், இழுக்க முயன்றால் இன்னும் புதையும். இடுப்பளவு தண்ணீரிலும் விழுந்து எழ முடியாமல் போவது இதனால்தான். சேற்றுக்குள் சிப்பி ஓடுகள் கத்தி போல் இருக்கும், திருக்கை மீன் புதைந்து படுத்திருக்கும். படகுக்காரர் இறங்கட்டும், நீங்கள் உட்கார்ந்திருங்கள். தண்ணீர் ஏறும் வரை காத்திருப்பதில் இரண்டு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

மீன்பிடிப் பயணத்துக்கே உரிய நான்காவது ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. சும்மா சுற்றிப் பார்க்கும் படகில் எல்லோரும் அவரவர் இடத்தில் இருப்பார்கள். தூண்டிலில் பெரிய மீன் மாட்டினால் என்ன நடக்கும்? "வாப்பா, மாட்டிருச்சு!" என்று மகன் கத்தியதும் படகில் இருக்கிற அத்தனை பேரும், மொபைலோடு சேர்த்து, அந்தப் பக்கம் சாய்வார்கள். சிறு படகு கவிழ அந்த ஒரு நொடி போதும். எனவே ஒரே நேரத்தில் இரண்டு தூண்டிலுக்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது. மீன் மாட்டினால் பிடித்திருப்பவரும் படகுக்காரரும் மட்டும் அசைய வேண்டும். கரையிலேயே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொடுத்து விடுங்கள். படகில் வைத்துச் சொன்னால் காதில் ஏறாது.

லைஃப் ஜாக்கெட் ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாத இரண்டு விஷயங்கள்: பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே வரும், பிள்ளை கீழே நழுவிவிடும். குழந்தை அளவு இல்லை என்றால் அந்தக் குழந்தை கரையில் இருப்பதே சரி. அடுத்தது, நம் பெண்கள் ஜாக்கெட்டை உள்ளே போட்டு மேலே புர்கா போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். ஜாக்கெட் வெளியே, புர்காவுக்கு மேல்தான் இருக்க வேண்டும். நனைந்த துணி கனக்கும், காலைச் சுற்றும். ஆபத்தில் ஒருவர் நம்மைப் பிடித்துத் தூக்குவதும் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்துத்தான். தளர்வான, மெல்லிய உடை மீது ஜாக்கெட் போட்டால் பர்தாவுக்கும் குறைவு இல்லை, பாதுகாப்பும் இருக்கும்.

எங்கே போடலாம், எங்கே கூடாது

காயல் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் தண்ணீர் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். அப்படி இல்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. படகில் போய்வரக் கிடைக்கும் அனுமதி, மீன் பிடிக்கும் அனுமதி ஆகாது. எந்த இடத்தில் தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்பதை முத்துப்பேட்டை வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் முறை. "எல்லாரும் போடுறாங்க" என்பது அங்கே பதில் ஆகாது.

சட்டம் தவிர, அங்கே பிழைக்கிறவர்களின் உரிமையும் இருக்கிறது. பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன் அதிகம் கிடைக்கும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். இன்று இந்த இடத்தில் வலை கட்டும் முறை யாருக்கோ அவருக்குத்தான். முத்துப்பேட்டையிலும் வாய்க்கால்களுக்கும் வலைகட்டும் இடங்களுக்கும் ஆள் இருக்கிறது. பொழுதுபோக்குக்குப் போன நாம் ஒருவருடைய அன்றைய வருமானத்துக்குக் குறுக்கே தூண்டில் போடக் கூடாது. வலையில் நம் இன்ஜின் மாட்டினால் நட்டம் இரண்டு பக்கமும். இதை உள்ளூர்ப் படகுக்காரர் தானே பார்த்துக்கொள்வார். வாடகைப் படகை நாமே ஓட்டிப்போகலாம் என்று ஆசைப்படாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தடை விசைப்படகுகளுக்கானது, நாட்டுப்படகு மீனவர்கள் கரையோரம் தொழில் செய்கிறார்கள். அதனால் காயலில் படகு கிடைக்கும். ஆனால் விசைப்படகுகள் நின்றிருப்பதால் மீன் விலை ஏறியிருக்கும் அந்த மாதங்களில், படகுக்காரர் உங்களோடு வருவதற்காகத் தன் தொழிலை விட்டுவிட்டு வருகிறார் என்பதைக் கட்டணம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலாமை, கடல் குதிரை போன்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இதே கரையில் சற்றுத் தெற்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. தப்பித் தவறி ஆமை எதுவும் நரம்பில் சிக்கினால் உடனே அறுத்து விட்டுவிட வேண்டும். அதோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம்.

என்ன மீன், எப்படி

காயலில் பெரிய ராடும் ரீலும் தேவையில்லை. கைத்தூண்டில் போதும்: நரம்பு, முள், சின்ன ஈயக்குண்டு, தேவைப்பட்டால் தக்கை. இரைக்கு இறால் துண்டு. பிள்ளைகளுக்குக் கிழங்கானும் கெளுத்தியும் சீக்கிரம் மாட்டும். மடவை கூட்டம் கூட்டமாகத் துள்ளும், ஆனால் அது சேற்றில் உள்ள பாசியை மேய்கிற மீன் என்பதால் தூண்டிலுக்கு எளிதில் வராது, வலைக்குத்தான் வரும். இது தெரியாமல் துள்ளும் மீனைப் பார்த்து அங்கேயே தூண்டில் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள்.

கடல் கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். பிள்ளைகள் கையால் கழற்றக் கூடாது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். உப்பிப் பந்து போல் ஆகும் பேத்தை மீன் மாட்டினால் பிள்ளைகளுக்கு வேடிக்கை. அதைச் சமைக்கவே கூடாது, அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

எல்லோரும் ஆசைப்படுவது கொடுவாவுக்கு. இந்த மீனின் வாழ்க்கை வியப்பானது. கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் காயலுக்கும் ஆற்றுக்கும் வந்து வளரும். முதலில் எல்லாம் ஆணாகவே பருவமடையும், சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகு பெண்ணாக மாறும். அதனால் மிகப் பெரிய கொடுவா என்றால் அது முட்டையிடும் தாய் மீன் என்றே வைத்துக்கொள்ளலாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் இந்த மீனைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இன்று ஹோட்டலில் கிடைக்கும் கொடுவா பல வேளைகளில் பண்ணையில் வளர்ந்தது. காயலில் வளர்வதற்கு அப்படி உதவி எதுவும் இல்லை. வீட்டுக்குத் தேவையான அளவில் நடுத்தர மீன் இரண்டு கிடைத்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

மார்க்கம் சார்ந்து எழும் கேள்விகள் சில. மீனுக்கு அறுப்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நம் பகுதியில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் அதிகம், கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் அதிகம். படகுக்கார பாய் அங்கே பிடித்த நண்டை அன்போடு சமைத்துத் தரும்போது இந்த வித்தியாசம் முன்னால் வந்து நிற்கும். ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே கூடும், நண்டு கூடாது. இறாலில் மீன் வகையா இல்லையா என்ற கருத்து வேறுபாடு உண்டு, நம் நாட்டில் உண்போர் அதிகம். ஷாஃபிஈ மத்ஹபில் கடல் உணவின் வட்டம் பெரிது. ஊரிலேயே உங்கள் இமாமிடம் கேட்டுவிட்டுப் போனால் விருந்து நேரத்தில் தர்மசங்கடம் இருக்காது. தானாகச் செத்து மிதக்கும் மீனையும் ஹனஃபிகள் உண்பதில்லை.

மேலைநாட்டுப் பாணியில் பிடிப்பதும் படம் எடுப்பதும் திரும்ப விடுவதுமாக நாள் முழுதும் செய்வது இப்போது நம் இளைஞர்களிடமும் பரவுகிறது. உண்ணும் தேவை இல்லாமல், விளையாட்டுக்காக மட்டும் ஓர் உயிரை வதைப்பதை உலமாக்கள் அனுமதிப்பதில்லை. சின்ன மீன் மாட்டினால் உடனே விடுவது வேறு. அது வளரட்டும் என்ற நோக்கம். விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தண்ணீருக்கு அருகிலேயே முள்ளைக் கழற்றி விட வேண்டும். படம் எடுத்து முடித்துப் பத்து நிமிடம் கழித்து விடும் மீன் பிழைக்காது. வைத்துக்கொள்ளும் மீனையும் படகில் துடிக்க விடாமல் உடனே ஐஸில் போடுவதே நல்லது, இறைச்சியின் தரத்துக்கும் அதுதான் சரி.

போகும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாலை ஏற்றத்தைப் பிடிக்க வேண்டும் என்று இங்கிருந்து நள்ளிரவில் வேன் கிளப்புவதை விட, முதல் நாள் மாலையே போய் முத்துப்பேட்டையிலோ பட்டுக்கோட்டையிலோ தங்குவது பாதுகாப்பு. இரவு முழுதும் கண்விழித்த ஓட்டுநரோடு திரும்பி வரும் மதியப் பயணம், காயலை விட ஆபத்தானது.

ஐஸ் பெட்டியை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். தெர்மாகோல் பெட்டி போதும். ஐஸை உடைத்து அடியில் ஒரு அடுக்கு, மீன், மேலே ஒரு அடுக்கு என்று போட வேண்டும். குடலையும் செவுளையும் அங்கேயே எடுத்துவிட்டால் நான்கு மணி நேரப் பயணத்துக்குப் பிறகும் மீன் கெடாது. உருகும் தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் சின்ன ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வைத்துவிடுங்கள், இல்லை என்றால் வேன்காரர் அடுத்த முறை வர மாட்டார்.